வலது காலுக்குக் கொஞ்சம் மைதா

மாஸ்டரின் உடம்பில் எல்லா உறுப்பும் அவர் பேச்சைக் கேட்கும். வலது காலைத் தவிர.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் இருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. இரண்டு மிதியும் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். ஊரில் பாதிப் பேர் முழுக் கைகாலோடு நடமாடுவது அந்த மிதியின் புண்ணியம் என்பது மாஸ்டரின் கருத்து. மீதிப் பாதிப் பேர் எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் எப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கியதே இல்லை.

ஒருவர் தேறிவிட்டாரா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரே அளவுகோல்தான். ஆபத்து என்று பட்டதும் மாஸ்டரின் கால் பாயும். பாய்ந்த கால் மிதியைத் தொடும்போது மிதி ஏற்கெனவே இறங்கிக் கிடக்க வேண்டும். அதாவது கற்றுக்கொள்கிறவர் இவரை முந்திவிட்டார். அன்றைக்கே மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, "போய் டெஸ்ட் குடுங்க, இனி நான் எதுக்கு?" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது குரல் கம்மும். இருமல் என்று சமாளிப்பார்.

தொல்லை என்னவென்றால், வண்டியைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிய பிறகும் வேலை முடிந்துவிட்டது என்று அந்தக் கால் ஒப்புக்கொள்ளாது. மனைவி பாலைத் தளும்பத் தளும்ப ஊற்றினால், தரையில் டொக். பல் டாக்டர் மிஷினோடு குனிந்தால், டொக். சினிமாவில் கதாநாயகன் மலைப் பாதையில் வண்டியை வளைத்தபோது இவர் விட்ட உதையில் முன் இருக்கைக்காரர் எழுந்து நின்று, "படம் பாக்க வந்தீங்களா, பந்து விளையாட வந்தீங்களா?" என்று கேட்டார். சமையலறையில் மாஸ்டர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால் ஒரு தரைக்கல் மட்டும் ஆடும். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அடியில தண்ணி இறங்குது போல" என்றார். இறங்கியது தண்ணீர் அல்ல, மாஸ்டர்.

இந்த லட்சணத்தில் மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்தது.

அவளை வீட்டில் வாண்டு என்பார்கள். அப்பாவைவிட இரண்டு விரல் உயரம், இருந்தாலும் வாண்டுதான். பழகுநர் உரிமம் கையில் கிடைத்த அன்று மாஸ்டர் தன் காரைக் கழுவித் துடைத்து, கூரையில் இருக்கும் ஸ்கூல் பெயர்ப்பலகையைச் சட்டை நுனியால் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். வாண்டு காரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அவர் காலைப் பார்த்தாள்.

"நான் எதிர்த் தெரு ஸ்கூல்ல சேரலாம்னு இருக்கேன்ப்பா."

வாசலில் நின்றுகொண்டிருந்த மாஸ்டரின் கால் படிக்கட்டில் டொக் என்று இறங்கியது.

"பாத்தீங்களா? நான் வாயத் திறந்தாலே போடறீங்க. சைக்கிள் ஞாபகம் இருக்கா? நான் நல்லா ஓட்டக் கத்துக்கிட்ட அப்புறமும் சீட்டைப் பிடிச்சிட்டு பள்ளிக்கூடம் வரைக்கும் பின்னாடியே ஓடி வந்தீங்க. கூட படிச்சவங்க எல்லாம், 'உன் சைக்கிளுக்கு ஸ்பேர் பார்ட் அதிகமா குடுத்துட்டாங்க'ன்னு சிரிச்சாங்க."

எதிரியின் பெயர்ப்பலகைக்கு அடியில் தன் மகள் ஊரை வலம்வருவதைக்கூட மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். அவள் முதல் முதலாக ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் வேறு ஒரு ஆள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. அந்த ஆள் பாட்டுப் போட்டுக்கொண்டு கற்றுக்கொடுப்பவர். சுவரில் இடித்தால்கூட, "சூப்பர், அடுத்த தடவை சுவர் இல்லாத பக்கமா போலாம்" என்பாராம்.

விவகாரம் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கையில் வருடக் கடைசி விடுமுறை வந்தது. விடுமுறையின் முதல் நாள் அந்த வீட்டில் மசாலா பிஸ்கட் சுடுவார்கள். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் போட்டு, கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு வெண்ணெய் சேர்த்து, தெரு முனைவரை மணக்கும் பிஸ்கட். வழக்கமாக மாஸ்டர்தான் தலைமை. அவர் எதையும் கையால் தொடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு பிரேக் போடுவதே அவர் பங்கு.

இந்த வருடம் தலைமை பறிபோனது. பறித்தவர் ஊசியக்கா.

ஊசியக்கா என்பது மாஸ்டரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் வேலை. தெருவில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு எவ்வளவு கொழுப்பு என்பது அவள் விரல் நுனியில். அதை யாரிடமும் சொல்லமாட்டாள். அவர்கள் பலகாரம் சாப்பிடும்போது ஒரு பார்வை மட்டும் பார்ப்பாள். அந்தப் பார்வை இப்போது வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தது.

"உங்க சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுங்க."

"எல்லைக்கோட்டுலதானே? மஞ்ச விளக்குன்னு வெச்சுக்கோ. சிவப்பு இல்லையே."

"மஞ்ச விளக்கப் பாத்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுக்கறீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "வேகத்தக் குறைக்கணும்."

"அப்ப வெண்ணெய் கிடையாது. சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. வாண்டுதான் செய்யப் போறா. எல்லாத்தையும் படிச்சு வெச்சிருக்கா."

வாண்டு அந்த இடத்தில்தான் தன் பேரத்தை வைத்தாள். பிஸ்கட் சுட்டு முடிக்கும் வரை அப்பாவின் கால் ஒரு தடவைகூடத் தரையில் தட்டக் கூடாது. தட்டாவிட்டால் அவள் அவரிடமே கார் கற்றுக்கொள்வாள். ஒரு டொக் கேட்டாலும் எதிர்த் தெரு. பேசலாம், ஆனால் அவள் செய்வதைப் பற்றிப் பேசக் கூடாது.

"சத்தம் வராம நைசா தட்டிட்டா?" என்று கேட்டது லிஃப்ட் மாமா. ஊசியக்காவின் தம்பி, லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். பிஸ்கட் என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். நடுவராக இருக்க அவனே தன்னை நியமித்துக்கொண்டான்.

வாண்டு யோசித்தாள். பிறகு அலமாரியிலிருந்து மைதா டப்பாவை எடுத்தாள். நாற்காலிக்கு முன்னால், ஆடுகிற அந்தக் கல்லின் மேல், சல்லடையால் மெல்லியதாக மைதாவைச் சலித்தாள். மழை விட்ட முற்றம் மாதிரி ஒரு குறியும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"இனிமே இந்த வீட்டுல மைதாவுக்கு இதுதான் வேலை," என்றாள் ஊசியக்கா திருப்தியாக.

மாஸ்டர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். அவர் கையில் ஒரு கிண்ணம் பேரீச்சம்பழத்தைக் கொடுத்துக் கொட்டை எடுக்கச் சொன்னார்கள்.

ஆரம்பம் ஒழுங்காகத்தான் போனது. வாண்டு ஓட்ஸை மிக்சியில் போட்டுப் பொடித்தாள். கோதுமை மாவை அளந்தாள். அளந்தாள் என்றால், கோபுரமாக அள்ளி அப்படியே கொட்டினாள். மாஸ்டரின் வலது காலில் ஒரு நரம்பு துடித்தது. அவர் இடது காலை எடுத்து வலது காலின் மேல் போட்டு அமுக்கினார்.

"அத்தான், சாஞ்ச மாதிரி இருக்கீங்க," என்றான் லிஃப்ட் மாமா குனிந்து தரையைப் பார்த்தபடி.

"நீ மேல கீழ மட்டும் போறவன். வளைவு நெளிவெல்லாம் உனக்கு என்ன தெரியும்? பேசாம உக்காரு."

வெண்ணெய்க்குப் பதிலாக நான்கு ஸ்பூன் எண்ணெய். சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுது. ஒரு முட்டை. நறுக்கிய வால்நட். கலவை இறுகிப்போய்க் கரண்டியை நட்டால் நின்றது. வாண்டு தட்டில் காகிதம் விரித்தாள். இந்த வருடம் அந்த வீட்டு பிஸ்கட்டில் பட்டர் என்று மிஞ்சியது பட்டர் பேப்பர் மட்டும்தான்.

அவள் உருண்டை பிடித்து லேசாகத் தட்டி வைக்க ஆரம்பித்தபோது மாஸ்டருக்கு வியர்த்தது. ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி நெருக்கி வைக்கிறாள். சூட்டில் எல்லாம் பரவி, ஒன்றோடு ஒன்று மோதி, முழுத் தட்டும் ஒரே பிஸ்கட்டாகிவிடும். போன வருடம் லிஃப்ட் மாமா அப்படித்தான் செய்தான்; கடைசியில் தட்டை அரிவாள்மணையில் வைக்காத குறை.

"பொதுவா சொல்றேன்," என்றார் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ரோட்டுல வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல இடைவெளி விடணும்."

வாண்டு திரும்பவில்லை. "ஓடற வண்டிக்குத்தானே?"

"ஆமா."

"நிறுத்தி வெச்ச வண்டிக்கு?"

மாஸ்டருக்குப் புரியவில்லை. மனதுக்குள் சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். வலப்புறம் திரும்பாதே. ஒலி எழுப்பாதே. முன்னால் செங்குத்தான இறக்கம். கால் கட்டைவிரல் செருப்பை முறுக்கிப் பிழிந்தது. தட்டு ஓவனுக்குள் போய்க் கதவு மூடியது.

வெளியே வந்தபோது பிஸ்கட்டுகள் எப்படி வைத்தாளோ அப்படியே இருந்தன. ஒரு மயிரிழை பரவவில்லை. வரிசையாக, ஒழுங்காக, வண்டி நிறுத்துமிடத்தில் கார்கள் மாதிரி.

"உருகிப் பரவறதுக்கு வெண்ணெயும் இல்ல, சர்க்கரையும் இல்ல," என்றாள் வாண்டு. "அதான் இடைவெளி விடலை."

மாஸ்டர் ஒரு பேரீச்சம்பழத்தை வெகு கவனமாகப் பிளந்தார். தான் மட்டும் பிரேக் போட்டிருந்தால் அது தப்பான பிரேக். இத்தனை வருடத்தில் அப்படி எத்தனை போட்டிருப்போம் என்று ஒரு கணக்கு மனதில் தலைநீட்டியது. அதை மரியாதையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

லிஃப்ட் மாமா சூடு ஆறுவதற்குள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினான்.

"எப்படி இருக்கு மாமா?"

"உடம்புக்கு நல்லதுன்னு தெரியுது." மென்றான். "நல்லா தெரியுது. ஆனா பட்டை வாசனைதான் பத்தலை."

"பாதி மாவு மிச்சம் இருக்கு. அதுல கொஞ்சம் சேத்துக்கறேன். அப்பா, இதுல போட மிச்சப் பழம் ஆச்சா?"

இங்கே ஊசியக்காவின் புட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மசாலாத் தூள்களை அவள் பரிசோதனை நிலையத்துப் புட்டிகளில்தான் வைத்திருந்தாள். புதிய புட்டிகள், யாருடைய ரத்தமும் அறியாதவை. எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. ஒட்டியிருந்த சீட்டில் ஒரே ஒரு எழுத்து. 'ப', 'சு', 'ஜா', 'கி'. நிலையத்தில் அப்படித்தான், சுருக்கமாக எழுதாவிட்டால் வேலை ஓடாது. உள்ளே இருந்த நான்கு தூளும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு.

வாண்டு பழக் கிண்ணத்தை வாங்க மாஸ்டரின் நாற்காலிப் பக்கம் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் மாமா உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு ஒரு புட்டியைத் திறந்தான். மாஸ்டர் அவன் கையைப் பார்த்தார். 'கி'. கிராம்பு. முழு மாவுக்கும் ஒரு சிட்டிகை போடவேண்டிய சாமான். அவன் சாப்பாட்டு ஸ்பூனில் கோபுரமாக அள்ளிவிட்டான். ஸ்பூன் மாவுப் பாத்திரத்துக்கு மேலே போய்விட்டது.

கத்த நேரமில்லை. கையில் கிண்ணம். மாஸ்டரின் வலது கால் யாரையும் கேட்காமல் குறுக்குக் கட்டையை விட்டுக் கிளம்பியது. எதிர்த் தெரு ஸ்கூல், பாட்டு, சூப்பர், பக்கத்து இருக்கையில் அந்த ஆள், எல்லாம் அவர் கண்முன் ஓடியது. கால் நிற்கவில்லை. இறங்கியது.

டொக்.

சத்தம் கேட்ட பிறகுதான் மாஸ்டர் கவனித்தார். தன் கால் இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மைதாவில் இறங்கியிருந்தது வாண்டுவின் கால். சரியாக அவர் கால் இறங்கப்போன இடத்தில், ஆடும் கல்லின் நட்டநடுவில். இன்னும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தால் மகளின் விரல்களை நசுக்கியிருப்பார். கிராம்பு நெடி மூக்கில் ஏறியதுமே அவள் திரும்பியிருக்கிறாள். திரும்பும்போதே கால் இறங்கியிருக்கிறது. கை அதற்குள் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஸ்பூனிலிருந்து ஒரு துகள்கூட விழவில்லை.

"மாமா, அது கிராம்பு."

"பட்டை இல்லையா?"

"'ப'ன்னு போட்டதுதான் பட்டை."

"நான் 'ப'ன்னா பழசுன்னு நெனச்சேன்," என்றான் லிஃப்ட் மாமா. "'கி'ன்னா கிச்சனுக்கு."

"இதப் போட்டிருந்தா ஒரு பிஸ்கட்டுக்கே நாக்கு மரத்துப் போயிருக்கும்டா," என்றாள் ஊசியக்கா புட்டியைப் பிடுங்கிக்கொண்டு. "அப்புறம் நேரா பல் டாக்டர்கிட்ட போய் வாயத் திறக்கலாம். ஊசி மிச்சம்."

மாஸ்டர் காலை மெதுவாக இழுத்து மறுபடி கட்டையின் மேல் வைத்துக்கொண்டார். இவர் போய்ச் சேரும் முன்னாலேயே மிதி இறங்கிக் கிடந்தது. அவர் இருமினார்.

"என்னப்பா?"

"ஒண்ணும் இல்ல. கிராம்பு நெடி."

இரண்டாவது தட்டும் ஓவனிலிருந்து வந்த பிறகு விசாரணை தொடங்கியது. கிராம்புப் பழி தன் மேல் இருந்ததால் லிஃப்ட் மாமா அதிகப்படியான நேர்மையோடு நடந்துகொண்டான். முழங்காலில் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தை அடித்து, மைதாவைப் பரிசோதித்தான்.

"அத்தான், மன்னிச்சுக்கோங்க. கால் தடம் இருக்கு. ஆழமா இருக்கு. டொக்குன்னு சத்தமும் என் காதுல விழுந்துச்சு."

மாஸ்டர் உண்மையைச் சொன்னால் மகளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அவர் கொட்டைகளைக் கிண்ணத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தார்.

ஊசியக்கா குனிந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். "உங்க அத்தான் செருப்புக்கு அடியில வாத்துக் குஞ்சு படம் இருக்காடா?"

லிஃப்ட் மாமா மறுபடி வெளிச்சம் அடித்தான். மைதாவில் ஆறு வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நின்றன.

எல்லோரும் வாண்டுவின் செருப்பைப் பார்த்தார்கள். வாண்டு ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வழுக்கிடுச்சு," என்றாள்.

"வழுக்கினா இழுத்த மாதிரி இருக்கும்," என்றாள் ஊசியக்கா. "இது நிறுத்தின மாதிரி இருக்கு. ரிப்போர்ட் தெளிவா இருக்கு, டாக்டரே வேண்டாம். அப்பனுக்கு இருந்தது பொண்ணுக்கும் வந்திருக்கு."

"அய்யோ," என்று வாண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாஸ்டர் பதறி எழப்போனார். அவள் கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், மூக்கு நுனியில் ஓட்ஸ் பொடி. "நீங்க ஏன்ப்பா தட்டலை? பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"நீ தட்டிட்ட." கிண்ணத்தை மேசையில் வைத்தார். "இனி நான் எதுக்கு?"

குரல் கம்மியது. இந்தத் தடவை இருமலுக்கு அவசரத்தில் காரணம் கிடைக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். அந்த வாக்கியம் எப்போது சொல்லப்படும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் எத்தனை மாணவர்களுக்காக அதைக் கேட்டிருக்கிறார்கள். வாண்டு மைதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப டெஸ்டுக்குப் போலாமா நான்?"

"ஓவனுக்குப் போலாம். காருக்கு நீ இன்னும் முதல் கியரே போடலை."

"சரி. நாளைக்கு எந்த ரோடு?"

"காலியா இருக்கற ரோடு."

"உங்க பக்கத்து மிதியிலயும் மைதா போட்டு வெப்பேன்."

"போடு," என்றார் மாஸ்டர், வாய் நிறைய ஓட்ஸோடு. "டப்பாவுல நிறைய இருக்கு."

மறுநாள் காலை மாஸ்டரின் கார் தெருவை விட்டுக் கிளம்பியது. வாண்டு ஸ்டியரிங்கில். பக்கத்து இருக்கையில் அவர். காலடியில் வெள்ளை பூசிய மிதி. மடியில் பிஸ்கட் டப்பா. உடம்புக்கு நல்லது என்று பெயர் எடுத்த பிஸ்கட் வேறு ஒன்றுக்கும் நல்லது என்பதை அவர் முதல் முனையிலேயே கண்டுபிடித்தார். கால் துடிக்கும்போது ஒன்றைக் கடித்தால் துடிப்பு முழுக்கத் தாடைக்குப் போய்விடுகிறது. வெண்ணெய் பிஸ்கட்டாக இருந்திருந்தால் வாயில் கரைந்து காலைக் கைவிட்டிருக்கும். இது மெல்ல மெல்ல வேலை கொடுத்தது.

எதிர்த் தெரு ஸ்கூல் வாசலைக் கடக்கும்போது அந்த ஆள் பாட்டை நிறுத்திவிட்டுக் கையசைத்தார். மாஸ்டர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். பேச முடியவில்லை; வாயில் இரண்டு இருந்தது.

வீடு திரும்பியதும் வாண்டு அவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். மிதியின் மேல் மைதா போட்டது போட்டபடி இருந்தது. நிமிர்ந்தாள். அப்பாவின் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

ஊசியக்கா டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாள். கவிழ்த்தாள். ஒரு வால்நட் துண்டு விழுந்தது.

"ஏங்க, விடுமுறை முழுக்க வெச்சுச் சாப்பிடச் செஞ்சது இது."

"ரோட்டுல வளைவு நிறைய," என்றார் மாஸ்டர்.

அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். "நாளைக்கு கேரட் நறுக்கி வெக்கறேன். வளைவுக்கு ஒரு துண்டு."

மாஸ்டரின் வலது கால் வாசற்படியில் டொக் என்று இறங்கியது. மைதா போடாத இடம். யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.